அண்ணியின் இரத்தத்தில் ஒரு கறுப்புக் கோடு

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. சரி, நானே எழுதித் தொலைக்கிறேன். எனக்குத் தையல்தான் தொழில். பேனாவைவிடக் கத்தரி நன்றாகப் பிடிப்பேன். தப்புத்தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எழுந்து போங்கள், நான் என்ன உங்களைக் கட்டிப்போட்டா வைத்திருக்கிறேன்!

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, சொல்லப்போனால் நான் ஒரு மாதம் மூத்தவள். அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். கீழ்வீட்டில் அவளும் அண்ணனும். மாடியில் நானும் என் தையல் மெஷினும். எனக்குக் கல்யாணம், குடித்தனம் எல்லாம் ஒருமுறை ஆகி முடிந்துவிட்டது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

அண்ணிக்கு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினாலு வருஷமாக வேலை. பாட்டில் கழுவத்தான் சேர்ந்தாள். ஒருநாள் அங்கே யாரோ லீவு போட, "அம்மா, இந்த மருந்தைக் கொஞ்சம் அளந்து ஊத்தறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். அந்தக் கை இவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. சோதனைத் தட்டில் இருந்த தொண்ணூற்றாறு குட்டிக் குழிக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்று நின்றாளாம். அன்றைக்கு அவளுக்கு அங்கே "சிந்தாமணி" என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அந்தப் பெயர்தான். பாட்டில் கழுவுகிற தொட்டிப் பக்கம் அதற்கப்புறம் அவளை யாரும் அனுப்பவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவள். ஒவ்வொரு டியூபுக்கும் மூன்று இடத்தில் நம்பர் போடுவாள்: மூடியில், பக்கத்தில், நோட்டில். வீட்டிலும் அதே பைத்தியம்தான். சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதியிருக்கும், சரி. திறந்த தேதியும் எழுதியிருக்கும்! "இதுக்கு ஒரு கையெழுத்தும் போட்டுடேன்" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்தக் கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் பல வருஷம் விளங்கவில்லை. ஏதோ இரத்தம், ஏதோ மெஷின். ஒருநாள் நான் சட்டைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"நம்ம உடம்புல செல்லுக்கு செல் புரோட்டீன்தான்டி வேலைக்காரங்க. ஒவ்வொண்ணும் நீள நூல் மாதிரி. சரியா மடிஞ்சு நின்னாதான் வேலை செய்யும். அது மடிஞ்ச மாதிரியே நிக்கறதுக்கு அங்கங்க கந்தகத்துல கொக்கி இருக்கு. இந்த ஆர்சனிக் விஷம் இருக்கு பாரு, அதுக்கு அந்தக் கொக்கின்னா உயிரு. நேரா போய் மாட்டிக்கும்."

"மாட்டிக்கிட்டா?"

"நீ தைக்கற சட்டையில கொக்கியெல்லாம் வேற யாராவது பிடிச்சுக்கிட்டா சட்டை மூடுமா? அந்த மாதிரிதான். புரோட்டீன் கோணிக்கும், வேலை கெடும். அப்ப செல்லு சும்மா இருக்காது. கோணினதை நிமிர்த்தறதுக்குன்னே வேற புரோட்டீனை அவசரமா செஞ்சு அனுப்பும். நாங்க அதைத்தான் எண்ணறோம். அது நிறைய இருந்தா, உள்ள ஏதோ கலாட்டா நடக்குதுன்னு அர்த்தம்."

எண்ணுகிற விதத்தையும் சொன்னாள். இரத்தத்தைச் சுழற்றி வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றை உடைத்து, உள்ளே இருக்கிற புரோட்டீனை ஒரு வழவழப்பான ஜெல்லுக்குள் மின்சாரம் விட்டு ஓடவிடுவார்கள். கடைசியில் பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு தடிப்பாக இருந்தால் அந்த நிமிர்த்துகிற புரோட்டீன் நிறைய இருக்கிறது. மெல்லிசாக இருந்தால் எல்லாம் அமைதி. பழைய சுரங்கப் பகுதி ஒன்றில் ஆர்சனிக் கலந்த தண்ணீரைக் குடித்தவர்களின் இரத்தம் மாதாமாதம் வரும். பக்கத்திலேயே நல்ல ஆள் ஒருவரின் இரத்தத்தையும் ஓடவிட வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர்.

அந்த நல்ல ஆளுக்கு எங்கே போவது? எல்லாக் கூடங்களிலும் நடக்கிற வழக்கம்தான். அங்கே வேலை செய்கிறவர்களே கையை நீட்டுவார்கள். மூன்று வருஷமாக இங்கே நீட்டிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். "நான் தர்றேன் சார், எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அண்ணி சட்டென்று கையை நீட்டியிருக்கிறாள். கல்லு மாதிரி இருக்கிறாளாம்!

பிலிமை எடுத்துப் பார்த்தால், சுரங்கத்து ஆட்களின் கோடு எவ்வளவு தடிப்போ, இவளுடைய கோடும் கிட்டத்தட்ட அவ்வளவு தடிப்பு.

கூடத்துக்குப் பொறுப்பு ஒரு பெரிய டாக்டர். நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர். "குழாயை மாத்திட்டியாம்மா?" என்றார். பதினாலு வருஷத்தில் ஒரு மூடிகூட மாற்றி வைக்காதவளைப் பார்த்து இந்தக் கேள்வி! அண்ணி மறுபடி கையை நீட்டினாள். "நீங்களே எடுங்க, நீங்களே எழுதுங்க, நான் அந்தப் பக்கமே வரலை" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எல்லா வேலையும் சின்ன மேடம் செய்தாள். சின்ன மேடம் என்றால் அங்கே ஆராய்ச்சி படிக்கிற பெண், அண்ணியிடம்தான் தொழில் கற்றவள். மூன்று நாள் கழித்து பிலிம் வந்தது. அதே கறுப்பு.

குழாய் மாறவில்லை என்பது சரியாகிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய இடி அப்புறம்தான் விழுந்தது. அந்தக் கூடத்திலேயே ஆர்சனிக் கரைசல் இருக்கிறது. செல்களை வளர்த்து, அதில் கொஞ்சம் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கரைசலைக் கலக்குகிறவள் அண்ணி. "அப்ப நீ கிளவுஸ் போடாம கலந்திருக்கே. கையைக் கழுவாம சாப்பிட்டிருக்கே. வேற எப்படி உள்ள போகும்?" என்று கேட்டார் பெரிய டாக்டர். கேட்டதோடு விடவில்லை. ஒரு கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தார். பாதுகாப்பு விதிகளை மீறி அலட்சியமாக வேலை செய்தேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பாட்டில் கழுவுகிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், வேலை போகாது. போடாவிட்டால் விசாரணை, வேலையே போகும். வெள்ளிக்கிழமைவரை நேரம். அதுவரை கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் என் வண்டவாளத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சொன்னது இதுதான்: "போட்டுத் தொலை. ஒரு கையெழுத்துதானே? பாட்டில் கழுவினா கௌரவம் குறைஞ்சா போயிடும்? வேலை இருந்தா போதும்."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் கிளவுஸ் இல்லாம அந்த ஆர்சனிக் அலமாரியைத் தொட்டதுகூட இல்லை. அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா என் இரத்தத்துல கோடு இருக்கு. அதுவும் நிஜம். எங்கிருந்தோ வந்திருக்கு. நான் கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சது. அதுக்கப்புறம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் தேட மாட்டாங்க."

"அதைத் தேடி நீ என்ன பண்ணப் போறே?" என்றேன் நான். என் புத்தி அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற கடை, வீட்டு முன்பக்கமே இருக்கிறது. அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அவன் வாங்கக் கை நீட்டினான். அவள் சொம்பைக் கொடுக்காமல் அவன் உள்ளங்கையையே பார்த்தாள். சின்னச் சின்னதாக, கடுகு ஒட்டின மாதிரி, கெட்டிக் காய்ப்பு. இரண்டு மூன்று வருஷமாக இருக்கிறது. கம்பி இழுத்து இழுத்து வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"என்னங்க, கால காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

உள்ளங்காலிலும் அதே காய்ப்பு. காலால் யாராவது கம்பி சுற்றுவார்களா? ஆர்சனிக் தண்ணீர் குடித்த சுரங்கத்து ஆட்களுக்கும் கையிலும் காலிலும் இப்படித்தான் காய்ப்பு வருமாம். அண்ணி சொம்பைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "தண்ணி" என்றாள். "நம்ம போர் தண்ணி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்றால், அந்தப் போர் என் அண்ணனுக்குப் பிள்ளை மாதிரி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனே நின்று இறக்கினது. மோட்டார் அவன் கையால் சுற்றினது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு வாசனை கிடையாது, குடித்தால் தொண்டை குளிரும். நகராட்சிக் குழாயில் வருவதோ பிளீச்சிங் பவுடர் நெடி. அதைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, தெருவே அண்ணன் தண்ணீரைத்தான் குடித்தது. மதில் சுவருக்கு வெளியே அவனே ஒரு குழாய் வைத்து விட்டிருந்தான். தெருவில் அவனைத் "தண்ணிக்காரர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "என் தண்ணியா? உன் லேபுல விஷத்தை வச்சுக்கிட்டு என் தண்ணியைச் சொல்றியா? அவ்வளவு சுத்தமா இருக்கு, கண்ணு தெரியலையா?"

"அதுக்கு நிறம் கிடையாதுங்க. வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மண்ணுக்கடியில பாறையில இருந்து கரைஞ்சு வரும்."

"காய்ச்சிக் குடிச்சா போச்சு" என்று நான் குறுக்கே புகுந்தேன், சமாதானம் பண்ணுகிற நினைப்பில்.

"காய்ச்சினா தண்ணிதான்டி ஆவியாப் போகும். அது அப்படியே நிக்கும், இன்னும் கெட்டியா."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடையிலேயே கிடந்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். வெளிக்குழாயை ஆளில்லாத நேரத்தில் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயே ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போய்க் குடுத்துடேன்" என்றேன் அண்ணியிடம்.

"நான் கொண்டுபோனா, நானே அதுல ஆர்சனிக்கைக் கலந்தேன்னு சொல்வாங்க. ஏற்கெனவே அலட்சியக்காரி. அப்புறம் திருடியும் ஆயிடுவேன். அவர் கொண்டுபோகணும். லேப் வாசல்கூட மிதிக்காதவர் அவர்தான். அவர் உடம்புல இருந்தா, அது லேபுல இருந்து வந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது." அதோடு நிறுத்தாமல், "ஆனா நான் கேக்க மாட்டேன்" என்றாள். "அவருக்கு இருக்கற ஒரே பெருமை அது. அதை என் வாயால எப்படிக் கேக்கறது?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் மாடிக்கு வந்தான். கையில் பாட்டில், அதில் தண்ணீர். மூடிக்கு மேல் சுற்றிச் சுற்றி டேப். மூடியில் ஒரு தேதி, பக்கத்தில் ஒரு தேதி. "கிளம்பு, எனக்கு அந்த இடம் தெரியாது" என்றான். "அவகிட்ட சொல்லாதே."

கூடத்தில் பெரிய டாக்டர் எங்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "சார், இது எங்க வீட்டு போர் தண்ணி. நானே பிடிச்சு, நானே ஒட்டினேன். என் சம்சாரத்துக்குத் தெரியாது. இதைப் பாருங்க. என் இரத்தத்தையும் எடுத்துப் பாருங்க" என்று சொல்லிக் கையை மேசைமேல் வைத்தான். இருநூற்று முப்பது வோல்ட்டில் சாதாரணமாகக் கை வைக்கிறவன், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கூடவே என் கையையும் நசுக்கினான்.

தண்ணீருக்கு அவர்களிடம் சின்னச் சோதனைப் பெட்டி இருந்தது. சின்ன மேடம் ஒரு குப்பியில் தண்ணீரை ஊற்றி இரண்டு பொடியைப் போட்டாள். புஸ்ஸென்று நுரைத்தது. மூடியில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைச் செருகி மூடினாள். "இருபது நிமிஷம் ஆகும் சார். ஆர்சனிக் இருந்தா பேப்பர் மஞ்சளாகும், ரொம்ப இருந்தா பழுப்பாகும்" என்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "பயப்படாதீங்க. வெள்ளையாவே இருந்தா உங்க தண்ணி நல்ல தண்ணி."

"வெள்ளையா இருந்தா என் பொண்டாட்டி பொய்க்காரி ஆயிடுவா மேடம்" என்றான் அண்ணன். "கறுக்கட்டும்."

ஏழு வருஷம் அந்தப் போரைப் பற்றிப் பேசிப் பேசி என் காதைப் புண்ணாக்கினவன். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தவன். அப்படி இருந்துகொண்டு இதைத்தான் யோசித்திருக்கிறான்!

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பெரிய டாக்டர் வேறு வேலை இருப்பதுபோல ஒரு தாளைப் புரட்டினார், ஆனால் கண் குப்பியில்தான். பன்னிரண்டாவது நிமிஷம் காகிதத்தின் நடுவில் லேசாக மஞ்சள் எட்டிப் பார்த்தது. அப்புறம் கடகடவென்று ஏறியது. இருபது நிமிஷத்தில் டீ சிந்தின மாதிரிப் பழுப்பு. சின்ன மேடம் அதை அட்டையில் இருக்கிற நிறங்களோடு வைத்துப் பார்த்தாள். கடைசிக் கட்டத்துக்கு ஒன்று முன்னால் போய் நின்றது.

"ஐயையோ!" என்றேன் நான்.

"அப்பாடா!" என்றான் அண்ணன்.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தன் தண்ணீரில் விஷம் என்று கேட்டு இப்படி ஒரு மூச்சு விட்ட மனுஷனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த நிமிஷம் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தான். "தெரு பூரா குடிக்குது சார்" என்றான். "நான்தான் ஊத்திக் குடுத்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பெரிய டாக்டர் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக் கெடுவை விடுங்க, உங்க பிலிமும் வரட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மோட்டார் இணைப்பைப் பிடுங்கினான். வெளிக்குழாயைக் கழற்றி அடைப்பு போட்டான். குடத்தோடு வந்த எதிர்வீட்டு டீச்சரம்மா சண்டைக்கு நின்றாள். "நல்லா இருக்கற தண்ணியை எந்தப் புண்ணியவான் கெட்டதுன்னு சொன்னான்?"

"என் பொண்டாட்டி சொன்னா" என்றான் அண்ணன். "லேபும் சொல்லுது. ஆனா முதல்ல சொன்னது அவதான்."

அண்ணி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வராத அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு.

மூன்று நாளில் அண்ணனுடைய பிலிமும் வந்தது, தடித்த கோடோடு. பெரிய டாக்டர் வீட்டுக்கே வந்தார். அந்தக் கடிதத்தை எங்கள் முன்னால் கிழித்துப் போட்டு, "நான் அவசரப்பட்டுட்டேன்மா, மன்னிச்சுடு" என்றார். அவ்வளவு படித்த மனுஷன் அப்படிச் சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அண்ணி மட்டும் கறாராகச் சொன்னாள்: "மன்னிப்பு இருக்கட்டும் சார். இனிமே கன்ட்ரோல் தர்றவங்க வீட்டுத் தண்ணியை முதல்ல பாருங்க. லேபுல வேலை பாக்கறதால ஒருத்தர் நல்ல ஆளுன்னு எப்படி முடிவு பண்ணினோம்? நானும்தான் யோசிக்கலை." இப்போது அங்கே அது விதி.

தெருவில் தோட்டத்துக்கென்று வைத்திருந்த போர்களையும் சேர்த்துப் பதினொன்றைச் சோதித்தார்கள், ஏழு கெட்டது. எல்லோரும் பிளீச்சிங் நெடி அடிக்கிற குழாய்த் தண்ணீருக்கு மாறினோம். சோதித்துப் பார்த்ததில் அதுதான் சுத்தமாக இருந்தது! அண்ணன் சும்மா இருக்கவில்லை. நகராட்சிக்கு நடையாய் நடந்து, இன்னும் இணைப்பில்லாத வீடுகளுக்கும் குழாய் போடவைத்தான். மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏற மோட்டாரும் அவனே சரிசெய்து கொடுத்தான். ஒவ்வொரு கெட்ட போரின் பக்கத்துச் சுவரிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி. அதைப் போட்டது அண்ணி. தேதியோடு.

எங்கள் தெருக்காரர்களை எல்லாம் டாக்டர்கள் பார்த்தார்கள். எங்கள் மூன்று பேர் இரத்தத்தையும் ஒரே பிலிமில் ஓடவிட்டபோது என்னுடையதும் தடித்த கோடுதான். குடிப்பதை நிறுத்தினால் உடம்பு தானே கொஞ்சம் கொஞ்சமாக அதை வெளியே தள்ளும், முக்கியமாகச் சிறுநீரில், என்றார்கள். அண்ணனின் காய்ப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது, வருஷாவருஷம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அவனும் காட்டுகிறான். ஊசிக்குக் கண்ணை மூடிக்கொள்வது மட்டும் மாறவில்லை.

ஆறு மாதம் கழித்து, போன வாரம், எங்கள் மூன்று பேர் இரத்தத்தையும் மறுபடி ஓடவிட்டார்கள். அண்ணிதான் ஓடவிட்டாள், தன் பழைய இடத்தில், தன் பழைய வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு. என்னையும் கூட்டிப் போயிருந்தாள். பழைய பிலிமையும் புதியதையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் மூன்று தடித்த கறுப்புக் கோடு. புதியதில் அண்ணனுடையது பாதியாக இளைத்திருந்தது. அவளுடையது பென்சில் கீறின மாதிரி. என்னுடையது எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"கொக்கியெல்லாம் விட்டுடுச்சாடி?" என்று கேட்டேன்.

"விட்டுக்கிட்டிருக்கு" என்றாள். "கோணினதைத் தூக்கிப்போட்டுட்டுப் புதுசு செஞ்சுக்கும். செல்லு சோம்பேறி இல்லை."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அந்தத் திங்கட்கிழமை நான் பேசின பேச்சு ஆறு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. அவள் கையெழுத்துப் போட்டிருந்தால் நாங்கள் இன்றைக்கும் அதைத்தான் குடித்துக்கொண்டிருப்போம், தெருவே குடித்துக்கொண்டிருக்கும்.

"நீ மட்டும் அன்னிக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா…" என்றேன்.

அண்ணி கிளவுஸைக் கழற்றி, என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"உன் பேச்சை நான் என்னிக்குடி கேட்டிருக்கேன்?" என்றாள்.